இரண்டாவது பாட்டில் ஒரு தும்மல்

அக்கா: யாரு தும்மினது?

தம்பி: எப்போ?

அக்கா: இப்ப முடிஞ்ச பாட்டுல. ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது ஹெட்ஃபோன்ல ஒரு தும்மல் கேட்டுச்சு.

தம்பி: டிரம்ஸ்காரனா இருக்கும்.

அக்கா: அவன் எனக்கு நேர் எதிர்லதான் இருந்தான். தும்மல.

தம்பி: அப்ப நீதான்.

அக்கா: நான் பாடிக்கிட்டு இருந்தேன்டா. பாடிக்கிட்டே தும்ம எனக்கு என்ன ரெண்டு வாயா?

ஒலிப்பதிவாளர்: விளம்பரம் ஓடுதும்மா. நாலு நிமிஷத்துல மறுபடி லைவ். வெளிய போன டிரம்ஸ்காரர வரச் சொல்லுங்க.

அக்கா: அண்ணே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்காவது ஜலதோஷமா?

ஒலிப்பதிவாளர்: இங்க... நான் மட்டும்தானே இருக்கேன்.

அக்கா: அப்ப நீங்க தும்மினீங்களா?

ஒலிப்பதிவாளர்: ஆமான்னு வச்சுக்கோயேன்.

அக்கா: வச்சுக்கணுமா? நீங்க பொத்தான அமுக்கினாத்தானே உங்க சத்தம் எங்களுக்குக் கேக்கும்?

ஒலிப்பதிவாளர்: கை... பட்டிருக்கும்.

தம்பி: விடேன்க்கா. ஒரு தும்மலுக்கு இவ்வளவு விசாரணையா?

அக்கா: பொம்பளை தும்மின சத்தம்டா அது. ரெண்டு தடவை. மூணாவது வர்ற மாதிரி வந்து நின்னுடுச்சு. நான்தான் அப்படித் தும்முவேன். ஆனா நான் தும்மல. எனக்கே ஒண்ணும் புரியல.

தம்பி: பதட்டம்க்கா. முதல் தடவையா ரேடியோவுல பாடற. இல்லாததெல்லாம் கேக்கும்.

அக்கா: நீ கிட்டார் வாசிச்சதும் இல்லாததா? இவ்வளவு சுத்தமா நீ வாசிச்சு எத்தனை மாசமாச்சு? கடைசி நோட்ட மட்டும் கொஞ்சம் அவசரமா அடிச்ச. அதே அவசரத்த முன்னாடி எங்கயோ கேட்டிருக்கேன்.

தம்பி: நல்லா வாசிச்சா தப்பா?

அக்கா: தப்புன்னு யாரு சொன்னா? குழப்பமா இருக்குன்னுதான் சொல்றேன்.

ஒலிப்பதிவாளர்: மூணு நிமிஷம்மா. அடுத்து பழைய பாட்டுதானே?

அக்கா: இல்லண்ணே, நான் எழுதின புதுசு.

தம்பி: அது வேண்டாம்.

ஒலிப்பதிவாளர்: ஆமா, அது வேண்டாம்மா.

அக்கா: அவன் வேண்டாங்கறது சரி. நீங்க ஏன் வேண்டாங்கறீங்க? நீங்க அந்தப் பாட்டக் கேட்டதே இல்லையே.

ஒலிப்பதிவாளர்: அது... என்கிட்ட இல்லம்மா.

அக்கா: உங்ககிட்ட எதுக்கு இருக்கணும்? பாடப்போறது நாங்கதானே?

ஒலிப்பதிவாளர்: தம்பி, நீயே சொல்லிடுப்பா. எனக்கு இதுக்கு மேல பொய் வராது.

அக்கா: என்னடா சொல்லணும்? இரு... ஜலதோஷம். போன வருஷம் அம்மா அறையில, மெத்தைய சுவத்துல சாத்தி வச்சு, உன் கிட்டார மட்டும் பதிவு பண்ணினோமே... அன்னைக்கு எனக்கு ஜலதோஷம். மூக்கப் பொத்திக்கிட்டு மூலையில உக்காந்திருந்தேன்.

தம்பி: பொத்தியும் ரெண்டு வந்துச்சு.

அக்கா: அந்தப் பதிவா ஓடுது?

தம்பி: முதல் பாட்டுலருந்தே அதான். அதோட எல்லாரும் ஒத்து வாசிக்கத்தான் எல்லார் ஹெட்ஃபோன்லயும் தாளச் சத்தம் வைக்கணும்னு அடம் பிடிச்சேன். பாவம் இந்த அண்ணன், நான் அவர் கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்.

அக்கா: அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?

தம்பி: கம்பி மேல கைய வச்சு ஆட்டிக்கிட்டு இருந்தேன். கையில ரெண்டு விரல் மரத்துப் போச்சுக்கா. ஆறு மாசமாச்சு. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உனக்குத் தெரிஞ்சா நம்ம பேண்டக் கலைச்சிடுவியோன்னு பயந்துட்டேன்.

ஒலிப்பதிவாளர்: ஒரு நிமிஷம்மா. எந்தப் பாட்டு?

அக்கா: புதுசுதாண்ணே.

தம்பி: என்னால வாசிக்க முடியாதுங்கறேன், காதுல விழலயா? அதுல எனக்கு என்ன வேலை?

அக்கா: ஆறு மாசமா சமையலறையில நான் அதப் பாடும்போதெல்லாம் கூடவே நீயும் பாடறியே, அந்த வேலைதான். நீ டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிக்க ஆரம்பிச்ச அன்னைக்குத்தான்டா அத எழுத உக்காந்தேன். அதுல கிட்டாரே கிடையாது. ரெண்டு குரல்தான். இப்படி மைக்குக்கிட்ட வா.