மேற்படி நகரம்: மூன்று இரவு, நான்கு பகல்

— "...ஆகவே, குடும்ப உறுப்பினர்கள் அனைவருக்கும் இதன் மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில், நமது குடும்பத்தின் வரலாற்றில் முதன்முறையாக, கடல் கடந்து, மூன்று இரவும் நான்கு பகலும் கொண்ட குறைந்த செலவுப் பயணம் ஒன்று மேற்படி நகரத்துக்கு மேற்கொள்ளப்பட உள்ளது. பயணக் குழுவின் தலைவராக அடியிற் கண்டவர் செயல்படுவார்." எப்படி இருக்கும்மா?

— அடியிற் கண்டவர் யாரு சார்?

— நான்தாம்மா. கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்ல.

— ஓ... பதவியும் போட்டிருக்கீங்க. "புள்ளியியல் இணை இயக்குநர்".

— பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள "ஓய்வு"ன்னு இருக்கு, பாருங்க.

— ரொம்பச் சின்ன எழுத்தா இருக்கே சார்.

— இடம் பத்தல.

— சரி... அதென்ன மேற்படி நகரம்? ஊருக்குப் பேர் இல்லையா?

— முதல் சுற்றறிக்கையில பேர் போட்டாச்சு. இது ஆறாவது. ஒரு தடவை பேர் சொல்லிட்டா அப்புறம் மேற்படிதான். அதுதான் முறை.

— ஆறாவதா! எல்லாத்தையும் உங்க குடும்ப குரூப்ல போட்டீங்களா?

— ஒவ்வொரு புதன்கிழமையும் காலைல சரியா பத்து மணிக்கு. போட்டுட்டு நேரா உங்க டிராவல்ஸுக்கு வர்றேன்.

— பதில்?

— வரும்.

— டீ ஆறுது சார். எடுத்துக்கோங்க.

— ரெண்டு கப் வாங்கி வெச்சிருக்கீங்களே... நான் வருவேன்னு எப்படித் தெரியும்?

— புதன்கிழமை ஆச்சே சார்.

— அது சரி... போன வாரம் இங்க நாலு நாற்காலி இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டுதான் இருக்கு.

— ஓனர் எடுத்துட்டுப் போயிட்டார். அவரோட இன்னொரு கடைக்கு வேணுமாம். அங்க போனுக்கு உறை விக்கிறாங்க, நிக்கவே இடமில்லையாம்.

— இங்க வர்றவங்க எங்க உட்காருவாங்க?

— யாரு சார் வர்றா? எல்லாரும் டிக்கெட்டைப் போன்லயே போட்டுக்கிறாங்க. நேத்து ஒருத்தர் வந்தார்.

— பாருங்க! எந்த ஊருக்கு?

— பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டார். சிரிக்காதீங்க சார். சொல்லி அனுப்பிட்டு, கதவு வரைக்கும் போய் விட்டுட்டும் வந்தேன். சரி, விஷயத்துக்கு வருவோம். சலுகை இன்னைக்கு மத்தியானம் பன்னண்டு மணியோட முடியுது.

— போன புதன்கிழமையும் அதையேதானேம்மா சொன்னீங்க?

— நீட்டிச்சிருக்காங்க.

— அதுக்கு முந்தின புதன்?

— அதையும் நீட்டிச்சாங்க. விமானம் காலியாக் கிடக்கும்போல.

— பெருந்தன்மையான கம்பெனி. எங்க துறையில ஒரு தேதியை ஒரு நாள் நீட்டிக்கணும்னா மூணு ஃபைல் போட்டு, நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும். வாங்கி முடிக்கும்போது அந்தத் தேதியே போயிருக்கும்.

— சார், நல்லாக் கேட்டுக்குங்க. இந்த விலை, ரெண்டு பேர் ஒரு ரூம்ல தங்கினாத்தான். தனியாப் போனா முழு ரூம் காசும் உங்க தலையில விழும். உங்க பேர் இருக்கு. இன்னொரு பேர் வேணும். ஒரே ஒரு பேர்.

— அதைத்தான் பரிசீலிச்சுட்டு இருக்கேன்.

— போட்டி பலமா சார்?

— நக்கல் வேண்டாம்மா.

— ஐயோ, சும்மா கேட்டேன்.

— இதோ, இணைப்பு ஒன்று. தகுதியுள்ள உறுப்பினர்கள் ஒன்பது பேர். இணைப்பு ரெண்டு, அவங்களுக்கு அனுப்பின கேள்வித்தாள். பன்னண்டு கேள்வி.

— குடுங்க பார்ப்போம்... "ஜன்னல் ஓர இருக்கை தேவையா?" சரி. "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் சலிப்பின்றி நடக்க இயலும்?" ம்ம்... "தூக்கத்தில் குறட்டை விடும் பழக்கம் உண்டா? உண்டு, இல்லை, தெரியாது." சார், குறட்டை விடுற ஆளு "தெரியாது"ன்னுதானே போடுவார்?

— அதுக்குத்தான் பதிமூணாவதா ஒரு கேள்வி சேர்க்கலாம்னு... உங்க குறட்டையைப் பத்தி வீட்டுல மத்தவங்க கருத்து என்ன?

— இதுக்கு எத்தனை பேர் பதில் எழுதினாங்க?

— இதுவரை... பதில் வராதவை ஒன்பது.

— மொத்தமே ஒன்பதுதானே சார்?

— பதில் வரலைன்னா மறுப்புன்னு அர்த்தமில்லம்மா. புள்ளியியல்ல அது தனி வகை. முப்பத்தோரு வருஷம் அதைத்தான் எண்ணிட்டு இருந்தேன்.

— சரி, ஒவ்வொருத்தரா வருவோம். உங்க பெரிய பையன்?

— அவனுக்கு ஆபீஸ்ல வருஷக் கடைசி வேலை.

— வருஷக் கடைசிக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கே.

— அவன் எதையும் முன்கூட்டியே செய்யுறவன். என்னை மாதிரி.

— உங்க தம்பி?

— அவனுக்கு வயிறு சரியில்ல. விமானத்துல குடுக்கிற சாப்பாடு ஒத்துக்காது.

— இதுல சாப்பாடே கிடையாது சார். குறைஞ்ச விலை டிக்கெட்டு. குடிக்கிற தண்ணிக்கே காசு.

— அப்ப பட்டினி ஒத்துக்காது.

— மாப்பிள்ளை?

— மாப்பிள்ளையை எப்படிம்மா என்கூட ஒரே ரூம்ல... அவருக்கு முன்னாடி நான் சட்டையைக் கழட்டினதில்ல.

— மேடம்? அவங்கதானே சார் முதல் பேரா இருக்கணும்? ஆறு வாரமாக் கேக்கணும்னு நினைக்கிறேன்.

— அவ பெரியவன் வீட்டுல இருக்கா. பேரனைப் பார்த்துக்க. மூணு மாசத்துல வந்துடறேன்னு போனா.

— எப்ப போனாங்க?

— பேரன் பிறந்தப்ப.

— பேரன் இப்ப என்ன பண்றான்?

— ரெண்டாங் கிளாஸ். நல்லாப் படிக்கிறான்னு கேள்வி.

— பிஸ்கட் எடுத்துக்கோங்க சார்.

— வேண்டாம்மா, எடை கூடும். அதான் சொல்ல மறந்துட்டேன், கையில கொண்டு போற பை ஏழு கிலோதான்னு சொன்னீங்கல்ல? மளிகைக் கடையில நிறுத்துப் பார்த்தேன். ஆறு கிலோ எண்ணூறு.

— பேக்கிங்கே ஆயிடுச்சா!

— முதல் புதன்கிழமையே. வாசக் கதவு பக்கத்துல வெச்சிருக்கேன். பிரஷ், பேஸ்ட்டு, சோப்பு எல்லாம் அதுலதான்.

— அப்ப தினமும் பல்லுக்கு?

— பையைத் திறந்து எடுப்பேன். தேய்ச்சுட்டு, துடைச்சு, திருப்பி வெச்சுடுவேன். ஒரு தொந்தரவும் இல்ல. காலைல எழுந்ததும் எங்கயோ கிளம்புற மாதிரி இருக்கும்.

— சார்... வீட்டுல சமையலுக்கு ஆள் யாராவது...?

— இணைப்பு மூணைப் பாருங்க. நீங்க சொன்ன அறிவுரை எல்லாத்தையும் வரிசைப்படுத்தியிருக்கேன். விமான நிலையத்துல பணம் மாத்தக் கூடாது, ஊருக்குள்ள போய் மாத்தணும். டாக்ஸி வேண்டாம், ஒரு நாள் ரயில் பாஸ் போதும். வெள்ளி, சனி தவிர்த்தா ரூம் பாதி விலை. காலைச் சாப்பாடு ரூம் வாடகையிலயே அடங்கும், அதனால காலைல கூச்சப்படாம சாப்பிடணும்.

— கூச்சப்படாமன்னு நான் சொல்லல.

— அது நான் சேர்த்தது. கடைசியா, எட்டாவது பத்தி: சாயங்காலம் ஆத்துப் பாலத்துல போய் நிக்கணும். ரெண்டு கரையிலயும் விளக்கு எரியும். அதுக்குக் காசு கிடையாது.

— ஆமா சார். அதுதான் அந்த ஊர்லயே நல்ல இடம். காத்து அப்படியே முகத்துல அடிக்கும். பாலத்து நடுவுல நின்னாக் கீழ படகு போகும், அதுல இருக்கிறவங்க யாருன்னே தெரியாம நமக்குக் கை ஆட்டுவாங்க...

— நீங்க எப்பம்மா போனீங்க?

— நானா? பதினெட்டு வருஷமா எல்லாரையும் அனுப்பி வெச்சிருக்கேன் சார்.

— நான் கேட்டது அது இல்ல.

— டீ சுத்தமா ஆறிடுச்சு. இன்னொண்ணு சொல்லட்டுமா?

— வேண்டாம்... என் பக்கத்துல ஒரு குறையும் இல்லையே? பாஸ்போர்ட் நகல் மூணு, முதல் நாளே குடுத்துட்டேன். "அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது"ன்னு நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு.

— இருக்கு சார். மேஜை டிராயர்ல.

— ஒரு தடவை எடுத்துப் பார்த்துடுங்களேன்.

— பார்த்துட்டேன் சார்... மணி பதினொண்ணே முக்கால். நீங்க ஒரு போன் போட்டு யாரையாவது கேட்டுடுங்களேன்.

— எழுத்துபூர்வமாக் கேட்டதுக்கு எழுத்துபூர்வமாத்தான் பதில் வரணும்.

— அப்ப குரூப்பைத் திறங்க. யாரு படிச்சிருக்காங்கன்னாவது பார்ப்போம்.

— இப்ப வேண்டாம். சார்ஜ் கம்மி.

— தொண்ணூறு காட்டுது சார். இங்கருந்தே தெரியுது.

— ...கண்ணாடி எடுத்துட்டு வரல.

— மூக்குல இருக்கு.

— ஏம்மா இப்படிக் குடையுறீங்க?

— பத்து நிமிஷந்தான் சார் இருக்கு. குடுங்க, நான் பார்க்கிறேன். ஆங்... "குடும்பத் தகவல் பரிமாற்றக் குழு". பேரே மிரட்டுது. எங்க... ஆறாவது சுற்றறிக்கை, அஞ்சாவது, கேள்வித்தாள், கேள்வித்தாளுக்குத் திருத்தம்... நீங்க எழுதினது மட்டும்தான் சார் வருது.

— அதான் சொன்னேனே, பதில் வரும்னு.

— உறுப்பினர் பட்டியலைப் பார்க்கிறேன், இருங்க... சார்.

— ம்.

— ஒரு ஆள்தான் காட்டுது.

— அங்க போயிருக்கக் கூடாதும்மா நீங்க.

— அந்த ஒரு ஆளு...?

— அடியிற் கண்டவர். போனைக் குடுங்க.

— எப்ப சார் எல்லாரும் போனாங்க?

— இந்தப் பயணத்துக்கெல்லாம் முன்னாடியே. மின்சாரச் சிக்கனம் பத்தி ஒரு தொடர் எழுதினேன். இருபத்திரண்டு பகுதி. ஒன்பதாவது பகுதியில மாப்பிள்ளை கிளம்பினார். பதினாலாவதுல தம்பி குடும்பம், மொத்தமா. பதினெட்டு முடிஞ்சப்ப பிள்ளைங்க.

— மேடம்?

— அவ கடைசி வரைக்கும் இருந்தா. இருபத்தொண்ணு வரைக்கும். அப்புறம் பேரன் தெரியாம எதையோ அமுக்கிட்டான்னு சொன்னா.

— திருப்பிச் சேர்த்திருக்கலாமே?

— சேர்த்தேன். பேரன் திருப்பி அமுக்கிட்டான். இருபத்திரண்டாவது பகுதியை நான் மட்டும்தான் படிச்சேன். அதுதான் இருக்கிறதிலேயே நல்லா வந்திருந்தது... இப்ப அவங்களுக்குள்ள வேற ஒரு குரூப் இருக்காம். பேரன் போட்டோ எல்லாம் அதுலதான் வருதாம். எதிர் வீட்டுக்காரர் சொன்னார். அவர் இருக்கார் அதுல.

— எதிர் வீட்டுக்காரரா!

— என் சௌகரியத்தை அப்பப்ப விசாரிச்சுக்க. நான் எழுந்தேனா, விளக்குப் போட்டேனான்னு. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல முடியாது. அந்த குரூப்புக்கு என்ன பேர் தெரியுமா? "குடும்பம்". அவ்வளவுதான். நான் வெச்ச பேர்ல மூணு வார்த்தை அதிகமாயிடுச்சு.

— அப்புறம் ஏன் சார் ஆறு சுற்றறிக்கை? யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும்...

— ஃபைலுக்கு வேணும்ல?

— சார்...

— சரி, விடுங்க. மணி என்ன? பதினொண்ணு ஐம்பத்தஞ்சு. அஞ்சு நிமிஷம் இருக்கு. போடுங்கம்மா டிக்கெட்டு.

— என்ன சார்?

— ஒரே ஆள். ஒரு ரூம். முழுக் காசும் என் தலையிலயே விழட்டும். இதுவரைக்கும் என் தலையில வேற என்ன விழுந்திருக்கு? அடியிற் கண்டவர் தனியாப் போறார்னு எழுதுங்க. ஏழாவது சுற்றறிக்கை தேவையில்ல.

— சார், கொஞ்சம் பொறுங்க...

— ஆறு வாரம் பொறுத்தாச்சு. பாலத்துல நிக்கிறேன். படகுல போறவங்க கை ஆட்டினா ரெண்டு தடவை ஆட்டுறேன். ஒண்ணு உங்களுக்கு. பதினெட்டு வருஷமா நீங்களும் போனதில்லன்னு எனக்குத் தெரியாதா? அடிங்கம்மா, ஏன் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க?

— போட முடியாது சார்.

— ஏன், பன்னண்டு ஆயிடுச்சா? நீட்டிப்பாங்களே?

— சலுகை நீங்க வந்த முதல் வாரமே முடிஞ்சுபோச்சு. யாரும் எதையும் நீட்டிக்கல.

— பரவாயில்ல. சலுகை இல்லாத விலை என்னவோ அதைப் போடுங்க.

— அதுவும் முடியாது. உங்க பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சு சார். ரெண்டு வருஷம் ஆச்சு.

— இருக்காதும்மா. அசலோட ஒப்பிட்டு நானே சரிபார்த்தேனே.

— அசல்லயும் அதே தேதிதான் சார்.

— ...இதை நீங்க எப்பப் பார்த்தீங்க?

— முதல் புதன்கிழமை. நீங்க மூணாவது நகல்ல கையெழுத்துப் போட்டுட்டு இருந்தப்ப.

— அப்பவே ஏம்மா சொல்லல?

— சொல்லியிருந்தா ரெண்டாவது புதன்கிழமை நீங்க வந்திருக்க மாட்டீங்க.