ஒரு சிகரெட், இரண்டு வாய்

சிகரெட்டை விட்டவனுக்கு முதலில் திரும்பி வருவது மூக்குதான். நெஞ்சுக்கு நாள் பிடிக்கும், பசி அதற்கும் பிறகு மெல்ல வந்து சேரும். மூக்கு மட்டும் எங்கேயோ பக்கத்துத் தெருவில் காத்துக்கொண்டிருந்ததுபோல ஓடி வந்துவிடும். உங்கள் மேசையில் இருக்கும் அந்தக் காகிதக் கட்டு ஒருமுறை மழையில் நனைந்து காய்ந்தது என்று உள்ளே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவோரம் நிற்கும் காவலர் வாசலில் ஒன்றை ஊதிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை சார். தெரிகிறது, அதனால் சொன்னேன்.

எங்களுடையது சோபாக் கடை. புது சோபா விற்கிற கடை என்று நினைத்துவிடாதீர்கள். பழசைப் பிரித்து, சட்டத்தைச் சரிபார்த்து, ஸ்பாஞ்சை மாற்றி, ரெக்ஸின் போர்த்திக் கொடுக்கிற கடை. அண்ணனும் நானும் மட்டும்தான் ஆட்கள். ஸ்பாஞ்சைச் சட்டத்தோடு ஒட்ட ஒரு பசை உண்டு. சொல்யூஷன் என்போம். ஒட்டிய பிறகு ரெக்ஸினை ஒருவன் இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் கீழே குனிந்து அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பின் ஊசி அடிக்க வேண்டும். இழுக்கிறவனுக்குக் கடவுள் கொடுத்த இரண்டு கையும் போதாது. கொஞ்சம் தளர்த்தினாலும் சுருக்கம் விழுந்துவிடும், வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்க்காமலே திட்டுவார்.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் அது இரண்டு பேருக்கும்தான். பின் அடிக்கிறவன் தான் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, இழுத்துப் பிடித்து நிற்கிறவன் உதட்டில் வைப்பான். அவன் இழுத்ததும் எடுத்துக்கொள்வான். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மீசை முளைத்த காலத்திலிருந்து அப்படித்தான். எதிரில் தையல் கடை வைத்திருப்பவர், "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நுரையீரலாப்பா?" என்று கேலி செய்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அதுவும் அப்பா வச்சிட்டுப் போனதுதான்" என்பான்.

அப்பா வைத்துவிட்டுப் போனது இன்னொன்றும் உண்டு. சொல்யூஷன் டப்பா திறந்திருந்தால் அதன் ஆவிகூடத் தீப்பிடிக்கும். அதனால் கடைக்குள் யார் தீக்குச்சியை எடுத்தாலும், "மூடியாச்சா?" என்று கேட்க வேண்டும். டப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிட்டு, "மூடியாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் குச்சியை உரசக் கூடாது. வருமான வரி முதல் போக்குவரத்து விளக்கு வரை எந்தச் சட்டத்தையும் மதிக்காத அண்ணன், இதை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை. அவனுக்கு மூக்கு அடியோடு செத்துப்போயிருந்தது. கட்டிலுக்கு அடியில் எலி செத்துக் கிடந்தால்கூட அண்ணி வந்து சத்தம் போட்ட பிறகுதான் அவனுக்குத் தெரியும். டப்பா திறந்திருக்கிறதா என்று மோந்து தெரிந்துகொள்ள அவனால் முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு நெஞ்சு அடைத்தது, மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றுக்கு ரெக்ஸினை இழுத்துப் பிடித்திருந்தபோது. ரெக்ஸினை விடாமலே கீழே விழுந்தேனாம். அண்ணன்தான் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மருத்துவமனைக்கு ஓடினான். கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் இல்லை என்று டாக்டர் சொன்னார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. நன்றி கெட்டவன் என்று அண்ணி சொல்வது சரியில்லை.

"இனிமே ஒண்ணே ஒண்ணு பிடிச்சாலும் எங்கிட்ட வராதீங்க" என்றார் டாக்டர். அண்ணன் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதான். "ரெண்டு பேருமே விட்டுடுவோம்டா சின்னவனே" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிறகு டீ குடிக்க வெளியே போனான். திரும்பி வந்தபோது சட்டையில் வாசனை இருந்தது.

அங்கே இருந்த நர்ஸம்மா எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் மற்றவர்கள் பிடித்தால் சண்டை போடாதீர்கள், பக்குவமாகக் கேளுங்கள், சாம்பல் கிண்ணத்தையும் லைட்டரையும் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லுங்கள், வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்டால் நன்றி சொல்லுங்கள் என்றார். எல்லாவற்றையும் செய்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். அண்ணி சாம்பல் கிண்ணத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டார். அண்ணன் முணுமுணுக்காமல் கொல்லைப்புறம் போய்ப் பிடித்தான். நான் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னேன். அவன் என் தலையில் தட்டி, "போடா பைத்தியக்காரா, இதுக்கெல்லாமா நன்றி சொல்லுவாங்க" என்பான். தட்டிய கையில் வாசனை இருக்கும். நான் ஒரு கிராம்பை எடுத்துக் கடித்துக்கொள்வேன்.

வீட்டில் சமாளித்துவிட்டேன். கடையில்தான் முடியவில்லை. பின்கதவுக்கு வெளியே நின்று ஊதுவான், மின்விசிறி அதை அப்படியே உள்ளே இழுத்து என் முகத்தில் கொண்டுவந்து விடும். விசிறியை நிறுத்தினால் சொல்யூஷன் நெடி தலையைச் சுற்றும். விசிறி ஓடினால் அண்ணன், நின்றால் டப்பா. மழை நாட்களில் வெளியே நிற்க முடியாமல் உள்ளே வந்துவிடுவான். "ஒரே ஒரு இழுப்புடா, நீ மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ" என்பான். நான் திருப்பிக்கொள்வேன். மூக்கு திரும்பாது.

அப்படி ஒரு மழை நாளில்தான் அது நடந்தது. பெரிய சாய்வு நாற்காலி ஒன்றின் ரெக்ஸினை நான் இழுத்துப் பிடித்திருந்தேன். அண்ணன் கீழே பின் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு இழுப்பு இழுத்தான், நிமிர்ந்து பார்க்காமலே கையை மேலே நீட்டி என் உதட்டில் வைத்தான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. என் கைகள் இரண்டும் இழுப்பில் இருந்தன. வாய் சும்மா இருந்தது. இழுத்துவிட்டேன்.

"அட, மறந்தே போச்சுடா" என்று பதறி எழுந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதானே, ஒண்ணும் ஆகாது. அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று சிரித்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லைதான். நெஞ்சு வலிக்கவில்லை, இருமல்கூட வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. தொலைத்துவிட்டோம் என்று நினைத்த ஒருவரைக் கூட்டத்தில் பார்த்ததுபோல் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் சார், நான் உண்மையாகவே பயந்தேன். அண்ணன் பக்கத்தில் இருக்கும்வரை நான் பிழைக்க மாட்டேன் என்று தெளிவாகத் தெரிந்தது.

நீ வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணியும் அதைத்தான் கேட்டார். போயிருக்கலாம். ஆனால் விட்டவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல காரியம் செய்தவன் நான். கெட்ட பழக்கம் உள்ளவன் உள்ளே இருக்க, திருந்தியவன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது எந்த ஊர் நியாயம்? நிதானமாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சில நாள் கழித்து ஒரு நாள், காற்றே இல்லை. விசிறியை நிறுத்தினேன். ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, ஸ்பாஞ்சுத் தூள் பறக்கிறது என்றேன், அது உண்மையும்கூட. வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டுகள் அவனைச் சுற்றிக் கிடந்தன. வழக்கமாக நான்தான் கூட்டித் தள்ளுவேன். அன்று கூட்டவில்லை. பின்கதவு மழையில் ஊறி உப்பியிருந்ததால் சாத்தியே வைத்திருந்தேன். முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் அதன் பக்கத்தில் நின்றேன். நெடி கண்ணைக் கரித்தது. அண்ணன் உள்ளே உட்கார்ந்து பாட்டு முனகிக்கொண்டு பின் அடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையில், தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"மூடியாச்சாடா?"

டப்பாவின் மூடி என் கையில் இருந்தது. "மூடியாச்சு" என்றேன்.

அவ்வளவு கறுப்பான புகையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்பாஞ்சு எரிந்தால் அப்படித்தான் வரும். நான் குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். எனக்குப் புகை ஆகாதல்லவா. தையல்காரர்தான் ஓடிவந்து ஷட்டரைத் தூக்கி, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அண்ணனை இழுத்துவந்தார். "பாவம், தம்பி அதிர்ச்சில அப்படியே சிலையாயிட்டான்" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். நல்ல மனிதர். அவர் கையும் வெந்துபோயிற்று.

மருத்துவமனையில் உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது. "நான் கேக்கவே இல்ல சார். அவசரத்துல பத்த வச்சிட்டேன். தம்பி அந்தப் பக்கமே இல்ல" என்றான். சொல்லும்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் போய்விட்டான். வலியில் நினைவு பிசகியிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என்னைக் காப்பாற்றத்தான் தெரிந்தே அப்படிச் சொன்னான் என்று அண்ணி சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றவும் வேண்டாம்.

அதன்பிறகு வீடு சுத்தமாகிவிட்டது. திரைச்சீலைகளைத் துவைத்தேன், சுவருக்கு வெள்ளை அடித்தேன். அண்ணியிடம் மட்டும் ஒரு விநோதமான பழக்கம் ஒட்டிக்கொண்டது. மேசை இழுப்பறையில் அண்ணன் விட்டுப்போன சிகரெட் டப்பா இருந்தது. பொழுது சாயும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, அது எரிந்து தீரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாயில் வைக்க மாட்டார். "அவர் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு" என்றார். முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. துணி பக்கத்தில் இருக்கிறது, நெருப்பு பத்திரம் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு பழகிவிட்டது. கடையை மாலையிலேயே பூட்டிவிட்டு வந்துவிடுவேன். அந்த ஜன்னலுக்கு வெளியே சில செடித் தொட்டிகள் இருந்தன. அண்ணன் போன பிறகு அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. நான் ஊற்றினேன். வேலை முடிந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். வெளிக்காற்று நெஞ்சுக்கு நல்லது.

டப்பா தீர்ந்துபோனால் அண்ணி மனம் உடைந்துவிடுவார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அதனால் அதே சிகரெட்டை வாங்கி இழுப்பறையில் வைத்தேன். தீரத் தீர வைத்தேன். நேற்று மாலை அண்ணி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் வைத்திருந்த டப்பாவில் கெட்டுப்போன நுரையீரல் படம் இருக்குமாம், இதில் வாய்ப்புண் படம் இருக்கிறதாம்.

"இது யாரு வச்சது?"

"நான்தான் அண்ணி. உங்களுக்காகத்தான்."

அண்ணி என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த காலிக் குவளையைப் பார்த்தார், தண்ணீர் தேங்கி அழுகிப்போன தொட்டிகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அவரு வீட்டுல அடுப்பு பத்த வைக்கக்கூட மூடியாச்சான்னு கேக்கற மனுஷன். அன்னிக்கு கேட்டாரா, இல்லையா?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "கேட்டான்" என்றேன்.

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அண்ணி அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நான் கதவைப் பூட்டிவிட்டு அவர் பின்னால் வந்தேன். அப்படித்தான் சார், இங்கே வந்து சேர்ந்தோம்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். அண்ணனைக் கொன்றது, மூடியைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னது, விசிறி, கதவு, ஷட்டர் எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மேலே என்னைப் பற்றி எழுதிய இடத்தில், அண்ணி சொன்னதை வைத்துப் போலிருக்கிறது, புகைப்பழக்கம் உள்ளவர் என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. ஜன்னலுக்கு வெளியே நிற்பது புகைப்பதாகாது. நான் எவ்வளவு பாடுபட்டு விட்டவன் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார்.