பாட்டுக்குப் பூட்டு

பூட்டுப் போட்டிருக்கான் சார்! பாட்டுக்குப் போய் பூட்டு! பீரோவுக்குப் போடுவாங்க, சைக்கிளுக்குப் போடுவாங்க, பாட்டுக்கு எவனாவது போடுவானா? நீங்களே சொல்லுங்க… இல்ல இல்ல, சொல்லாதீங்க, வாயை மூடிடாதீங்க. ஊசி மருந்து இப்பத்தான் ஏறுது. ஆ… அப்படியே இருங்க. தலையை ஆட்டுனாப் போதும். ம்ஹூம், அதுவும் வேணாம், கையில ட்ரில் இருக்கு.

அதோ அந்த மூலையில கம்ப்யூட்டர் தெரியுதா? கண்ணை மட்டும் திருப்புங்க. திரை நிறையப் பாட்டு. பேரு இருக்கு, படம் இருக்கு, பாடுனவங்க யாருன்னு இருக்கு. அத்தனையும் சாம்பல் கலர்ல. பக்கத்துல குட்டியா ஒரு பூட்டு. அமுக்குனா 'சந்தாவைப் புதுப்பிக்கவும்'ங்குது. என் கிளினிக்கு, என் கரண்ட்டு, என் மேஜை மேல உக்காந்துக்கிட்டு என்னையே வெளிய நிறுத்துது சார்!

எல்லாம் என் மச்சானால வந்த வினை. சம்சாரத்தோட தம்பி. போன மாசம் இங்க வந்து நின்னுக்கிட்டு, "மாமா, நீங்க இன்னுமா பாட்டை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டு இருக்கீங்க?"ன்னு கேட்டான். கேட்ட தோரணை இருக்கே… நான் என்னமோ இன்னும் கொல்லன் குறடு வெச்சுப் பல்லு புடுங்குற மாதிரி! "மாசச் சந்தா எடுங்க மாமா, உலகத்துல இருக்கற பாட்டெல்லாம் உங்களுதுதான்"னான். உங்களுது! அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிச்சு வெச்சுக்குங்க சார்.

பழசுல என்ன குறை? ஒண்ணொண்ணாத் தேடி, வருஷக்கணக்கா இறக்கி வெச்ச பாட்டு. நெட்டு இருந்தாலும் பாடும், இல்லாட்டியும் பாடும். எந்தக் கம்பெனிக்காரன் திறந்தான், எவன் மூடுனான்னு நமக்குக் கவலையே இல்ல. பல்லு சுத்தம் பண்ண வேகமான பாட்டு ஒரு பக்கம், ரூட் கேனாலுக்கு நிதானமானது ஒரு பக்கம்னு அழகாப் பிரிச்சு அடுக்கி வெச்சிருந்துச்சு. என் கை அந்தத் தாளத்துக்குத்தான் சார் ஓடும். அவ்வளவும் நான் பாத்துப் பாத்துச் சேத்தது… சரி, நான்னா நான் மட்டும் இல்ல. என் சம்சாரமும் சேத்தா. அவளும் பல் டாக்டர்தான், பக்கத்து ரூம் அவளுது. ஒரு பயிற்சிக்குன்னு வெளியூர் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவா… சாயங்காலம்… ம். பெரும்பாலும் அவ சேத்ததுன்னு வெச்சுக்குங்களேன். நான் கேட்டேன். கேக்கறதும் ஒரு வேலைதானே!

வலிக்குதா? இல்லைல்ல. நல்லது.

சந்தாப் பாட்டு எப்படித் தெரியுமா? நம்ம மனசைப் படிச்சு அதுவே எடுத்துப் போடுமாம். என் மனசைப் படிச்சுச்சு சார் ஒரு நாள். ட்ரில்லு ஓடிக்கிட்டு இருக்கு, நாற்காலியில ஒரு வாத்தியார், திடீர்னு தாலாட்டைப் போட்டுடுச்சு! அந்த மனுஷன் சொக்கிப்போய்த் தூங்கி, தூக்கத்துல வாயை மூடிட்டார். இந்த விரல்ல கட்டுப் போட்டிருக்கேனே, பாத்தீங்களா? அவரு கடிச்சதுதான். பாதிப் பாட்டுல நிறுத்திட்டு 'இதுவும் உங்களுக்குப் பிடிக்கும்'னு வேற சொல்லுது!

சந்தா கட்டலேன்னா அது இன்னொரு கூத்து. நாம கேக்கற பாட்டு வராது, அதுவா எதையாவது பாடும், நடுவுல விளம்பரம். இன்னிக்குக் காலையில ஒரு அம்மாவுக்குப் பல்லை அடைச்சுக்கிட்டு இருக்கேன். பாட்டு நின்னுது. கணீர்னு ஒரு குரல், "பல் வலியா? அனுபவமில்லாதவர்களிடம் சிக்கி அவதிப்படாதீர்கள்! இன்றே வாருங்கள்…"னு. யாரு? நம்ம தெருக்கோடியில புதுசா வந்திருக்கானே, கண்ணாடிக் கதவு போட்ட பல் டாக்டரு, அவன்! என் ஸ்பீக்கர்ல! அந்தம்மா வாயைத் திறந்தபடியே என்னைப் பாத்த பார்வை இருக்கே… அட்ரஸ் சொல்றப்ப நல்லாக் காது குடுத்துக் கேட்டாங்க சார்!

"அப்ப ஏன்யா இதுல போய் விழுந்தே?"ன்னு கேக்கறீங்க. கண்ணுலயே தெரியுது. நான் என்ன ஏமாறுறவனா? முதல் மாசம் இலவசம்னு போட்டிருந்தான். நான் கணக்குப் போட்டேன். அந்த ஆப்புல ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்துலயும் கீழ பாத்து ஒரு அம்புக்குறி இருக்கு. அமுக்குனா பாட்டு நம்ம கம்ப்யூட்டர்லயே இறங்கிடும். இலவச மாசம் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் இறக்கிட்டு, சந்தாவை வெட்டி விட்டுட்டா? பாட்டு நம்மகிட்ட, அவன் அம்போன்னு நிக்கணும். எப்படி யோசனை! எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு சார்.

அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன். ஒரு பேஷன்ட் வாயைக் கொப்புளிச்சுத் துப்பறதுக்குள்ள பத்துப் பாட்டு இறக்கிடுவேன். பல்லு வலியோட வெளிய உக்காந்திருந்தவங்க எல்லாம், உள்ள ஏதோ பெரிய ஆபரேஷன் நடக்குதுன்னு பயந்துட்டாங்க. மாசக் கடைசியில வெட்டி விட்டேன். மறுநாள் காலையில வந்து பாக்கறேன்… சாம்பல். பூட்டு. இறக்குனதும் சந்தா இருக்கற வரைக்கும்தான் பாடுமாம்! வாடகை வீட்டுக்கு வெள்ளையடிச்சு, குழாய் மாத்தி, ஜன்னல் வெச்சு, கடைசியில சொந்த வீடுன்னு நினைச்சுப் படுத்துத் தூங்கின பைத்தியக்காரன் மாதிரி ஆயிட்டேன்.

இருங்க, எச்சில் குழாயைத் தள்ளி வெக்கறேன்… ஆங்.

போனாப் போகுது, பழைய பாட்டைப் போட்டுக்கலாமேன்னுதானே நினைக்கறீங்க? அது… கம்ப்யூட்டர்ல இடம் இல்ல சார். எல்லாத்தையும் இறக்க எடம் வேணும்ல? பழசுல இருக்கறதெல்லாம் புதுசுலயும் இருக்குதேன்னு… ஒரே பாட்டு எதுக்கு ரெண்டு தடவைன்னு… அழிச்சுட்டேன். மொத்தமா. குப்பைத் தொட்டியில கூட விட்டு வெக்கல, அதையும் காலி பண்ணிட்டேன். எனக்கு எதுவும் சுத்தமா இருக்கணும்.

அதுல பாருங்க… ஒரு பாட்டு மட்டும் அவன்கிட்ட கிடையாது. கோடிக்கணக்குல வெச்சிருக்கானாம், இது ஒண்ணு கிடையாது. ஏன்னா அது என் சம்சாரம் பாடுனது. காலேஜ் விழாவுல, அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, கடவாப்பல்லைப் பத்தி ஒரு பாட்டு. சிரிக்காதீங்க, பஞ்சு நழுவிடும். பல்லவி முடியறதுக்குள்ள பாதிக் கூட்டம் எந்திரிச்சுப் போயிடுச்சு. சரணத்துல மீதியும் போச்சு. நான் ஒருத்தன்தான் உக்காந்திருந்தேன். நடுவுல இருமுனேன், அந்த இருமலும் அதுல பதிவாகியிருக்கு. பாடி முடிச்சு இறங்கி வந்து, "தண்ணி வேணுமா?"ன்னு கேட்டா. அதுதான் சார் எங்க முதல் பேச்சு. இப்பவும் கஷ்டமான பல்லு ஒண்ணு வந்துட்டா அதைப் போட்டுட்டுத்தான் கையில கருவியை எடுப்பா. நான் தினமும் கிண்டல் பண்ணுவேன். இப்ப அது இல்லேன்னதும் நானே அந்த மெட்டை முணுமுணுத்துக்கிட்டுத் திரியறேன் சார். அவ வந்து "எங்கே?"ன்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?

சரி, சுத்தி வளைக்கல, விஷயத்துக்கு வந்துடறேன். உங்க கம்ப்யூட்டர் கடை போர்டுல 'அழிந்த தகவல்கள் மீட்டுத் தரப்படும்'னு போட்டிருக்கீங்கல்ல? அதைப் பாத்துட்டுத்தான் சார் நேத்து போன் பண்ணி, "சும்மா வாங்க, பல்லைப் பாத்து விடறேன்"னு கூப்பிட்டேன். கோவிச்சுக்காதீங்க. சொத்தை இருந்தது நிஜம். சின்னதுதான். நீங்க ஓடிடாம இருக்கத்தான் ஊசி கொஞ்சம் தாராளமாப் போச்சு.

என்ன? என்னமோ கேக்கணும்கறீங்களா? இருங்க, பஞ்சை எடுக்கறேன்… மெதுவா… "அழிச்சதுக்கப்புறம் அதுல வேற எதையாவது ஏத்துனீங்களா"வா? ஏத்துனேனே! அதுக்காகத்தானே அழிச்சேன்! மூச்சு விட இடம் இல்லாம ஏத்தினேன்… ஏன் சார் தலையில கை வெக்கறீங்க? பழசு மேலேயே புதுசு உக்காந்துருக்குமா? வராதா? ஒண்ணுமே வராதா? அதாவது, பாடாத பாட்டைக் கொண்டாந்து, பாடற பாட்டு மேல நானே உக்கார வெச்சிருக்கேன்… அடக் கடவுளே.

சார்… ஒரு யோசனை. உங்க குரல் மெலிசாத்தான் இருக்கு. மெட்டு நான் சொல்லித் தர்றேன், நாலு வரி பாடுங்க, போன்ல பதிவு பண்ணிக்கறேன். இருமலை நானே போட்டுடறேன். வாய் மரத்திருக்கேன்னு யோசிக்காதீங்க, அதுதான் வசதியே! அவ பாடுனதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்… ஏன் கண்ணை உருட்டுறீங்க? வலிக்குதா? கதவுப் பக்கம் என்ன?

…அட! வாம்மா! வா வா! சாயங்காலம்தானே வர்றேன்னே? பெட்டியைக் கீழ வெய்யி. எவ்வளவு நேரமா நிக்கறே?

…பூட்டுன்னு ஆரம்பிச்சதுலேருந்தா?

இல்லம்மா, நான் சொல்ல வந்தது… சார், நீங்க எங்க எந்திரிக்கறீங்க? துண்டு கழுத்துல இருக்கு சார்! பல்லை இன்னும் அடைக்கல! சார், தனியா விட்டுட்டுப் போகாதீங்க சார்!… போயிட்டாரே.

கோவமாம்மா? கை எதுக்குக் கழுவறே? நான் உக்காரணுமா? இந்த நாற்காலியிலயா?… சரி, உக்காந்துட்டேன். பாட்டுக்குக் காப்பி ஏதாவது வெச்சிருக்கியா? இல்லியா? பின்ன எப்படிச் சிரிக்கறே?… மனசுல இருக்கா? அத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா? சரணத்தோடயா? எல்லாச் சரணமுமா?… அம்மாடி, எனக்கு நம்பிக்கை இருக்கு, பாடிக் காட்டணும்னு ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல வந்த களைப்பு வேற… கையில எதுக்கு ட்ரில்லு? வாயைத் திறக்கணுமா? பாடப்போறது நீ, நான் எதுக்கு வாயை… ஆ…