கனிவு நேரம்

உலகத்தார் அனைவரும் எழுந்து நின்று கேட்கவேண்டிய அறிவிப்பு ஒன்று இருக்கிறது, ஐயா. அதைச் சொல்லிவிட்டு வாக்குமூலத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியின் நீலம் சாதாரண நீலம் அல்ல. அதைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதமும் பதினைந்து கூட்டங்களும் ஆயின. பதினான்கு கூட்டங்களிலும் நிறுவனர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த நீலம் என்னோட பேசலையே" என்பார். பதினைந்தாவது கூட்டத்தில் முதலில் காட்டிய நீலத்தையே மறுபடி காட்டினேன். பேசியது.

நான் அங்கே பிராண்ட் பிரிவின் தலைவன். அது என்ன வேலை என்று என் மனைவிக்கே இன்றுவரை விளங்கவில்லை. மாமனார் அக்கம்பக்கத்தில் "மாப்பிள்ளை போர்டு எழுதுறார்" என்று சொல்லிவைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. கிட்டத்தட்ட சரிதான்.

நாங்கள் விற்றது மாதச் சந்தாவில் ஒரு மென்பொருள். வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு விழுந்தால் வீட்டாரின் போனில் மணி அடிக்கும். இதை நிறுவனர் "அன்பின் கட்டுமானம்" என்பார். நான் அதைத் துவைத்துப் பிழிந்து "நிம்மதியாக இருங்கள்" என்று போட்டேன்.

சந்தா வியாபாரத்தில் ஒரே கேள்விதான்: சேர்ந்தவர் ஏன் விலகுகிறார்? விலகிய நாற்பது வீடுகளுக்கு நானே நேரில் போனேன். ஒரு வீட்டில் அந்த அம்மா கணவரின் கட்டிலைக் காட்டிச் சொன்னார்: "இவரு நோயில போறாரோ இல்லையோ, உங்க மணிச் சத்தத்துல நான் போயிடுவேன் சார். மனுஷன் விரலச் சொறிஞ்சாக்கூட அலறுது."

கட்டிலில் இருந்தவர், "அவ போயிட்டா அந்த மணிய யாரு சார் கேக்கறது" என்றார்.

எல்லா வீட்டிலும் இதே கதை. மணி கேட்டவர்கள் விலகினார்கள், கேட்காதவர்கள் இருந்தார்கள். மணி அடித்ததால் ஆள் பிழைத்த வீடுகளும் மூன்று இருந்தன. அந்த மூன்றும் ஒரு மாதத்துக்குள் விலகிவிட்டன. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கத் தெம்பில்லையாம். ஆகவே எங்கள் பிராண்டுக்கு இருந்த ஒரே குறை, மென்பொருள் வேலை செய்ததுதான்.

பத்தில் ஒன்பது பொய் மணி என்பதும் உண்மை. கிளிப் கழன்றால்கூட அடிக்கும். அதனால் நான் கேட்டது நியாயமான ஒன்று. அளவு விழுந்ததும் அடிக்க வேண்டாம், ஆறு நிமிடம் பொறுக்கட்டும். அதற்குள் அளவு ஏறிவிட்டால் பிரச்சினை இல்லை. அளவே வராமல் நின்றுபோனால், யாரோ கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். இதற்குக் "கனிவு நேரம்" என்று பெயர் வைத்தேன். பெயர் நன்றாக அமைந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒருத்தி பார்த்தாள். அதை எழுதவேண்டிய இன்ஜினியர். "சார், ஆறு நிமிஷம் மூச்சு இல்லன்னா ஆளு முடிஞ்சிருவாரு. அப்புறம் அளவு எங்கேருந்து வரும்? கிளிப் கழண்டுடுச்சுன்னு நம்ம சாஃப்ட்வேர் பேசாம உக்காந்திருக்கும்."

"'முடிஞ்சிருவாரு' நம்ம பிராண்ட் சொற்பட்டியல்ல இல்லையேம்மா," என்றேன்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. அன்று மாலையே அதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டாள். நானும் எழுத்திலேயே ஒப்புதல் கொடுத்தேன். அது உங்கள் கோப்பில் இருக்கிறது.

அடுத்த ஒன்றரை வருடத்தில் விலகுவோர் பாதியாகக் குறைந்தார்கள். நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: நன்றிக் கடிதங்கள் வந்தன. "அப்பா பகல் தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரு சத்தம் இல்லை, பதற்றம் இல்லை. கடைசிவரை நிம்மதியாக வைத்திருந்தீர்கள்." இப்படி முப்பத்தொன்று. அவற்றில் ஆறைப் பொறுக்கியெடுத்து, முறைப்படி அனுமதி வாங்கி, நீலப் பின்னணியில் போட்டேன். துக்க வீட்டார் சொல்வதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அந்தச் சத்தமின்மைக்குக் காரணம் எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். கடிதம் வந்த ஒவ்வொரு வீட்டின் மணிப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் விளம்பரத்தில் போடுவது பொறுப்பின்மை.

முப்பத்திரண்டாவது வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை. ஆட்களே வந்தார்கள், ஓர் அண்ணனும் தங்கையும். நாங்கள் மூவரும் சின்னக் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். அண்ணன் தங்கை பக்கம் திரும்பாமலே பேசினான்.

"அப்பாவ இவதான் பாத்துக்கிட்டா. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாளாம். போன் இடுப்புலயே இருந்துச்சாம். மணி அடிக்கவே இல்லன்னு சாதிக்கிறா. வீட்டுல ஒருத்தரும் நம்பல. அடிச்சுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"அடிக்கல அண்ணா. அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்," என்றாள். பிறகு என்னிடம், "கேட்டிருக்கும் இல்ல, சார்?"

அவர் இறந்த நாளின் பதிவு என் முன்னால் இருந்தது, எனக்கு மட்டும் தெரியும்படி. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். அவள் தன்மீதே சந்தேகப்படத் தொடங்கிவிட்டாள் என்பது அந்த "இல்ல, சார்"-இல் தெரிந்தது. எங்கள் தொழிலில் யாரையும் புதிதாக ஒன்றை நம்பவைப்பதில்லை. ஆள் பாதி நம்பிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து மீதியை முடித்துக்கொடுப்போம்.

"நாலு தடவை அடிச்சிருக்கும்மா," என்றேன்.

கம்பெனித் தாளிலும் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்கு என்பதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஒரு தடவை என்றால் யாருக்கும் தவறும் என்று அவளை மன்னித்துவிடுவார்கள், பிறகு பேச்சு மணியின் பக்கம் திரும்பும். பத்து என்றால் அவளே நம்பமாட்டாள்.

அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கேட்டுக்கிட்டல்ல?" என்றான். அவள், "நாலு தடவையா" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். அவன் லிஃப்டில் போனான். அவள் படியிறங்கிப் போனாள்.

ஒரு வருடம் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள். அண்ணன் வீட்டு வாசலை அவள் மிதிக்கக்கூடாது என்று ஆகிவிட்டதாம். அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. "என்ன மாதிரி வேற யாரும் அசட்டையா இருந்துடக் கூடாது சார். நாலு பேர்கிட்ட சொல்லணும், ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க" என்றாள்.

என்னிடம் வழி இருந்தது. ஸ்டூடியோவில் நாற்பது வினாடிப் படம் எடுத்தோம். ஒப்பனைக்காரரிடம் விரல்களைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேமராவைப் பார்த்து ஒரே முறையில் பேசி முடித்தாள்: "மணி நாலு தடவை அடிச்சுது. அது தன் வேலையச் செஞ்சுது. நான்தான் என் வேலையச் செய்யல." நிறுவனர் தேம்பித் தேம்பி அழுதார், பிறகு இதையே இன்னும் நீளமாக எடுக்கமுடியுமா என்று கேட்டார். ஏழு மாத நீலம் செய்யாததை அந்த நாற்பது வினாடி மூன்றே வாரத்தில் செய்தது. சந்தா இரட்டிப்பானது.

அந்தப் படத்தை இன்ஜினியரும் பார்த்தாள். கனிவு நேரம் வந்த பிறகு மணி ஒரே முறைதான் அடிக்கும், நான்கு முறை அடிக்க வழியே கிடையாது. எழுதியவள் அவள், அவளுக்குத் தெரியாதா? பதிவைத் தோண்டியெடுத்து உங்களிடம் கொடுத்தாள். திறமையான பெண். அவளுடைய சம்பள உயர்வுக்கு நான் இரண்டு முறை சிபாரிசு செய்திருக்கிறேன்.

என் தரப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் புழுங்குவதைவிட ஒரு பதில் இருப்பது நல்லது. அந்தத் தங்கைக்குப் பதில் கொடுத்தேன். பேச ஒரு மேடை கொடுத்தேன். இன்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாள், கூட்டம் கேட்கிறது. எனக்கு இரண்டு முறை நன்றி சொல்லியிருக்கிறாள். அவளை நான் கெடுத்தேன் என்று யாரும் சொல்லமுடியாது.

இப்போதும் அவள் உங்கள் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்னை உள்ளே கூட்டிவரும்போது எழுந்து நின்றாள். "அந்த இன்ஜினியர் பொண்ணு ஏதேதோ சொல்லுது சார். நான் நம்பல. அடிச்சுதுன்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்க, போதும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அவள் இவ்வளவு உறுதியாக இருக்கும்போது அதைக் கலைப்பது நல்லதா என்று நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

எழுதத்தான் வேண்டும் என்கிறீர்கள். எழுதுகிறேன்.

மணி அடிக்கவில்லை.