காலி முக்காலியின் மேல் நின்ற கை

அந்தக் கை எதன் மேல் இருந்தது?

எழுந்து நின்றதும் நிற்காததுமாக ஒரு கேள்வியைப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு விடை என்னிடம் இல்லை. பேச்சு முடியும்போதும் இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நாணயம்.

தலைமை ஏற்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி எனக்கு நேரே மேசையில் வைத்திருக்கும் போதகர் ஐயா அவர்களே; முழங்கால் வலியோடு முதல் ஆளாய் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே; அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே; சீக்கிரம் கிளம்ப வசதியாகக் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் தந்தைமார்களே; என் உடன்பிறவா உடன்பிறப்புகளே! உங்கள் அனைவருக்கும் அன்பும் பணிவும் கலந்த என் வணக்கம்.

முற்பிதாக்கள் கற்பிக்கும் விசுவாசமும் குடும்பமும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். எண்ணாமல் எதையும் ஏற்காதவள். சபையில் நான் பாடுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம் என்று போதகர் வீட்டம்மாவே என்னைக் கேலி செய்வதுண்டு. அப்படிப்பட்டவளை ஏன் அழைத்தீர்கள்? எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் காதுக்கு அரைகுறையாக வந்திருக்கிறது. முழுதாகக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

வேதத்தில் ஈசாக்கு என்றொரு தகப்பன். கண் மங்கிய முதியவர். உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த மூத்தவன் ஏசாவை ஆசீர்வதிக்கக் காத்திருக்கிறார். மூத்தவனின் உடையை உடுத்திக்கொண்டு, ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, இளையவன் யாக்கோபு வந்து நிற்கிறான். குரல் இளையவனுடையது. கை மூத்தவனுடையது. உடையின் வாசமும் மூத்தவனுடையது. கண் ஏமாறலாம், காது ஏமாறுமா? காது ஏமாறலாம், கை ஏமாறுமா? கையும் ஏமாறலாம், ஒரு தகப்பன் ஏமாறுவானா?

அந்த வீட்டில் அந்தப் பொய்யைத் தைத்தவள் யார்? தாய் ரெபெக்காள். எங்கள் வீட்டில் தைத்தவள் நான்.

எங்கள் அப்பா நாற்பது ஆண்டு தையல் மெஷின் மிதித்தவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போய் ஆறு வருடமாகிறது. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார். அப்பா என்னோடு இருக்கிறார். எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் வெல்டர், கல்யாணம் வேண்டாம் என்று பட்டறை மாடியிலேயே தங்கிவிட்டவர். தினமும் மாலை ஆறு மணிக்கு, கருகிய இரும்பு வாசத்தோடு வந்து அப்பா பக்கத்தில் உட்காருவார். தம்பிக்கு மருந்துக்கடையில் வேலை. அடுத்த தெருவில் மனைவியோடு குடியிருக்கிறான். மதியம் வந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவான். இரண்டு பேருக்கும் குரல் ஒன்று. போனில் நானே தடுமாறுவேன்.

போன வருடம் அப்பாவுக்கு மாரடைப்பு. அவர் தீவிர சிகிச்சை அறையில் கிடந்த நான்காம் நாள், அண்ணன் பட்டறையில் மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "மூணு வாரத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாதும்மா" என்றார்.

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்து, கைகூடக் கழுவாமல், தம்பியிடம் சொன்னேன். "அண்ணன் சட்டை ரெண்டு துவைக்காம இருக்கு. அப்பா வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கிட்டு ஆறு மணிக்கு வா."

"அக்கா, இது பாவம்."

"மூணே வாரம்டா. அப்புறம் நானே சொல்லிடறேன்."

இந்தப் பொய்க்கு ஒரு சாட்சி உண்டு. துக்கம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே மடக்கி, வாயை மூடிக்கொண்டு போகச் சொன்னவர் ஒருவர். அவர் இப்போது இந்த மேடையில் தலைமை தாங்கிக்கொண்டிருக்கிறார். சிரிக்காதீர்கள், ஐயா பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி வந்தான். அப்பா கையை நீட்டினார், சட்டையைத் தொட்டார், தோளைத் தடவினார், மூச்சை இழுத்தார். "பெரியவனா? உட்காருடா" என்றார். அவ்வளவுதான். எவ்வளவு எளிது பாருங்கள், ஒரு மனிதனை இன்னொரு மனிதனாக்குவது.

என்ன சொல்கிறீர்கள் ஐயா, பின்வரிசையில்? தையல்காரருக்கா தோள் தெரியாது என்கிறீர்களா? நாற்பது வருடம் தோளளவு எடுத்த கை அது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கே தைத்த கை என்று சொல்வதைவிட, தன் பிள்ளைகளுக்கு வருடா வருடம் அளவெடுத்த கை என்று சொல்வதே போதும். நீங்கள் ஒரு நொடியில் கேட்டுவிட்டீர்கள். முதுகலை படித்த எனக்கு ஏழு மாதம் அது தோன்றவில்லை. பொய் சொல்கிறவருக்கு வருகிற முதல் வியாதி, எதிரே இருப்பவர் எல்லாம் முட்டாள் என்று தோன்றுவது.

ஆம், ஏழு மாதம். மூன்று வாரம் ஏழு மாதமாயிற்று. ரெபெக்காளும் தன் பிள்ளை யாக்கோபிடம், மாமன் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வா என்றுதான் அனுப்பினாள். இருபது வருடம் போயிற்று. அவள் அவனை மறுபடி பார்த்ததாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. தாய்மார்களே, பெற்ற பிள்ளைக்காகத்தான் அவள் பொய்யைத் தைத்தாள். அந்தப் பொய் பறித்ததும் அதே பிள்ளையைத்தான்.

எங்கள் வீட்டிலும் அது ஒரு பிள்ளையைப் பறிக்கத் தொடங்கியது. போன பிள்ளையை அல்ல, இருந்த பிள்ளையை.

ஒரே ஆள் மதியம் சின்னவனாகவும் மாலை பெரியவனாகவும் வர முடியவில்லை. தம்பிக்கு வெளியூர்க் கடைக்கு மாற்றலாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். மாலையில் பெரியவனாக வந்து போவான். பிறகு தெருமுனையில் மூடிக்கிடக்கும் கடைப்படியில் உட்கார்ந்து, சின்னவனாக அப்பாவுக்குப் போன் போடுவான்.

"எங்கடா இருக்க?"

"ரொம்ப தூரம்பா."

நடுவில் நாற்பது அடி இருக்கும்.

முதல் மாதம் தினமும் பேசினான். பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. ஐந்தாவது மாதம் ஒரு நாள் போனை என்னிடமே நீட்டிவிட்டான். "சின்னவனா என்ன பேசறதுன்னே தெரியலக்கா. மறந்துபோச்சு."

அவன் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஓரமாக இழுத்தாள். "அக்கா, நேத்து கடையில யாரோ இவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நாலு தடவை. இவர் திரும்பிக்கூடப் பார்க்கல. தூக்கத்துல இருமறாரு, பெரியவர் இருமற மாதிரியே." இரும்புப் புகை தின்ற இருமல் அது. மருந்துக்கடையில் ஏது இரும்புப் புகை?

நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். மன உளைச்சல், பழகிய தோரணை, தொண்டை அரிப்பு. எனக்கு விளக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு மாலை, தம்பி முன்கூடத்தில் என் பக்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள் அறையில் அப்பா பேசுவது கேட்டது. "ஏன்டா நின்னுக்கிட்டே இருக்க? உட்காரு." தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். உள்ளே முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

அப்பாவே காலால் தள்ளியிருக்கலாம். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் அப்பா சொன்னார். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொல்லும்மா. ஒண்ணா உட்கார வச்சு ஆசீர்வாதம் பண்ணணும்."

எப்படித் தப்பிப்பது? தம்பி, "என்னால முடியாதுக்கா" என்றான். நான் திட்டம் போட்டேன். இரண்டு முக்காலி. அப்பாவின் வலப்பக்கத்தில் தம்பி, அண்ணன் சட்டையோடு உட்கார்ந்து முதல் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது. நான் ஒரு தட்டைக் கீழே போட, அந்தச் சத்தத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு இடப்பக்கத்துக்கு நகர்ந்துவிட வேண்டியது. எவ்வளவு கேவலம் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"ரெண்டு பேரும் உட்கார்ந்தாச்சா?" என்றார் அப்பா.

"உட்கார்ந்தாச்சுப்பா" என்றேன்.

அவர் கைகளைத் தூக்கினார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் வலது தோள் இறுகிப்போய் நான்கு வருடம். அந்தக் கை மார்புக்கு மேலே ஏறாது. சட்டை மாட்டிவிடுவது நான், தலை சீவிவிடுவது நான். அந்தக் கை ஏறியது. இரண்டு கையையும் குறுக்காக மாற்றினார். இடது கை வலப்பக்கம் வந்து தம்பி தலையில் அமர்ந்தது. வலது கை இடப்பக்கம் போய், காலி முக்காலிக்கு மேலே, ஒரு தலை இருக்கும் உயரத்தில் நின்றது.

"அப்பா, கை மாறிப்போச்சு" என்றேன்.

"தெரியும்மா" என்றார்.

இதே யாக்கோபு கிழவராகி, தானும் கண் மங்கி, தன் மகன் யோசேப்பின் பிள்ளைகள் இருவரை ஆசீர்வதித்தபோது கைகளைக் குறுக்காகத்தான் மாற்றினார். வலது கை மூத்தவனுக்கு உரியது என்று யோசேப்பு திருத்தப் போனான். தெரியும் மகனே என்றார் கிழவர். அந்த வரியைப் பள்ளி நாளிலிருந்து கேட்டவள் நான். அது இவ்வளவு சில்லிடும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பி தலையை அழுத்தி, "சின்னவனே" என்று தொடங்கினார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் அந்தச் சொல். பிறகு மறுபக்கம் முகத்தைத் திருப்பி, "பெரியவனே" என்றார். சுவரில் கடிகாரம் இருந்தது. எண்ணுவது என் தொழில், எண்ணினேன். நான்கு நிமிடம் ஜெபித்தார். நான்கு நிமிடமும் அந்த வலது கை தாழவில்லை, நடுங்கவில்லை. அடுத்த வாரம் என் கையை அதேபோல் நீட்டிப் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் துவண்டுவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம் பார்த்தேன். அந்தக் கை, தம்பியின் தலையைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. அண்ணன் அவனைவிட அவ்வளவுதான் உயரம். விரல்கள் அசைந்தன, முடியைக் கோதுவதுபோல. ஆமென் சொன்னதும் கை தொப்பென்று விழவில்லை. ஒன்றின் மேலிருந்து எடுப்பதுபோல எடுத்தார். தட்டு என் கையிலேயே இருந்தது.

எதன் மேல் இருந்தது அந்தக் கை? தெரியாது என்று முதலிலேயே சொன்னேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன். முற்பிதாக்களின் வீட்டில் பொய் எப்போதும் துணி உடுத்தியே வந்தது. யாக்கோபு அண்ணன் உடையில் தகப்பனை ஏமாற்றினான். அவன் பிள்ளைகள் தம்பி யோசேப்பின் அங்கியை இரத்தத்தில் தோய்த்து அந்த யாக்கோபையே ஏமாற்றினார்கள். நாங்கள் ஒரு வெல்டரின் சட்டையை எடுத்தோம். அந்தக் குடும்பம் தேவதூதர் குடும்பமா? இல்லை. நம்மைப்போல் பயந்தவர்கள், பாசத்தால் பிழை செய்தவர்கள். ஆனாலும் ஈசாக்கு ஏமாந்தது தெரிந்து மெத்தவும் நடுநடுங்கினாரே, கொடுத்த ஆசீர்வாதத்தைத் திரும்பக் கேட்டாரா? கேட்கவில்லை. நடுங்கிக்கொண்டே நிலைநின்றார். விசுவாசம் என்று எனக்கு எதையாவது காட்டச் சொன்னால் அந்த நடுக்கத்தைத்தான் காட்டுவேன்.

வீட்டுக்குப் போங்கள். போனவருக்காக அழுங்கள், அழத்தான் வேண்டும். ஆனால் போனவரின் இடத்தை நிரப்ப இருப்பவரை அனுப்பாதீர்கள். இறந்த பிள்ளையின் பங்கை இருக்கிற பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள். இருக்கிறவரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கும்வரை கூப்பிடுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்க்காமலே இருந்த தலைவர் ஐயாவுக்கும் நன்றி. சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. மறுநாள் நடந்ததை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட்டு அமர்கிறேன். இதில் என் விளக்கம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தேன். விழுங்கிவிட்டு, "பெரியவனை எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்றார். அடக்கம் செய்த இடத்தைச் சொன்னேன்.

"எப்பப்பா தெரியும்?"

"முதல் நாளே."

"அப்ப ஏன்பா சொல்லல?"

"சொல்லிட்டா சாயங்காலம் அந்த வாசம் வராதேம்மா. வரட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் பார்த்தா இவன் தேய்ஞ்சுக்கிட்டே வரான். இருக்கிறவனையும் விட்டுடுவேனோன்னு பயம் வந்துடுச்சு."

தம்பிக்குப் போன் செய்து, சட்டை வேண்டாம் என்றேன். மாலை ஆறு மணிக்குக் கதவு திறந்தது.

"யாரு?" என்றார் அப்பா.

தம்பி நிலைப்படியிலேயே நின்றான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பா காத்திருந்தார்.

"நான்தான்பா. சின்னவன்."

"வாடா, உட்காரு" என்றார் அப்பா. "அண்ணன் இப்பத்தான் கிளம்பினான்."