பித்தளைத் தகட்டில் ஒரு பிழை

செயலாளர் அவர்களுக்கு,

என் மனைவியின் இருக்கையில் பதிக்கும் தகட்டின் மாதிரி வந்து சேர்ந்தது. எழுத்து அழகாக இருக்கிறது. பித்தளை என்று முடிவு செய்ததும் நல்லதே. பிளாஸ்டிக்கை யாராவது நகத்தால் சுரண்டிவிடுவார்கள். இரண்டாவது வரியில் மட்டும் ஒரு பிழை. "தொடரின் நிறைவுப் படம் முடிந்தபின் இதே இருக்கையில் அமைதியாகப் பிரிந்தார்" என்று போட்டிருக்கிறீர்கள். படம் முடிந்தபின் அல்ல. நான்காவது சுருள் ஓடிக்கொண்டிருந்தபோது. எழுத்துப் பொறிப்பவரிடம் போவதற்குள் திருத்திவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தீர்கள். தனியாக எழுத வரவில்லை. இதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையும் மலர் படிப்பவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. பத்தொன்பது வருடமாக நம் சங்கத்தின் அரங்குக்குப் பழைய படங்களைத் தேடிப்பிடித்து, தொடராக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் குறிப்பு எழுதுவது என் வேலை. என் மனைவி வாசலில் சீட்டைக் கிழிப்பாள், கதவைப் பார்த்துக்கொள்வாள், வந்தவர்களின் மூட்டுவலியை விசாரிப்பாள். பாதிப் பேர் படம் பார்க்க வரவில்லை, அவளிடம் பேச வருகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் நீங்கள் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய பத்தாம் இருக்கை அவளுடையது. பதினொன்று என்னுடையது. இரண்டுக்கும் நடுவே இருந்த கைப்பிடியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மேலே ஆபரேட்டர் அறையில் மணி அடிக்கும். ஒருமுறை அழுத்தினால், சத்தத்தைக் குறை. இரண்டுமுறை என்றால், படம் மங்குகிறது, சரிசெய். நீளமாக அழுத்தினால், நிறுத்து, விளக்கைப் போடு. ஆபரேட்டருக்கு 'இடைவேளை' என்று பெயர் வைத்தது அவள்தான். இடைவேளை விட்டதும் அவர் எங்கே மறைகிறார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இருட்டில் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதனால் அந்த மணியின் பாஷையை அவள் என் மணிக்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு தட்டு: மூச்சுச் சத்தத்தைக் குறைங்க. இரண்டு தட்டு: உங்க கண்ணு மங்குது, தூங்காதீங்க. நீளமாக ஒரு அழுத்தம்: போதும், வீட்டுக்குப் போகலாம். நான் தேர்ந்தெடுத்த படங்களுக்கு இந்த மூன்றாவது அடிக்கடி வந்தது. மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிடுவாள். நான் ஒருதடவையும் எழுந்ததில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

இனி அந்தத் தொடர். ஒரே இயக்குநரின் ஒன்பது படங்கள். அவரை அவருடைய ஊரிலேயே மறந்துவிட்டார்கள். பிரதிகளைத் திரட்ட எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி.

முதல் படத்தில் புரொஜக்டர் விளக்கு போயிற்று. இரண்டாவதில் ஒலி. நான்காவது படத்தில் ஒரு குடும்பம், தாங்கள் வந்தது வேறு அரங்கு என்று பாதியில் கண்டுபிடித்தது. ஏழு பேர் எழுந்தார்கள். அதில் ஒருவர் கைப்பேசி விளக்கைப் போட்டு வரிசை வரிசையாகச் செருப்பைத் தேடினார். ஐந்தாவதில் காபி இயந்திரத்தின் ஆவி பட்டுத் தீ எச்சரிக்கை அலறி, அத்தனை பேரும் வாசலில் போய் நின்றோம். ஏழாவதில் யாரோ ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். ஒரேயடியாகப் பிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று மெதுவாக, இருபது நிமிடம் பிரித்தார். படம் என்றால் ஓடவேண்டும். நின்று நின்று ஓடுவதற்குப் பேருந்து இருக்கிறது.

எட்டாவது படத்தை நிறுத்தியது என் மனைவி.

இரண்டு வரிசை முன்னால் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பக்கவாட்டில் சரிந்தார். அவள் பொத்தானை நீளமாக அழுத்தினாள். விளக்கு வந்தது. ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள்.

"சார், என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலையேம்மா. கொஞ்சம் கண் அசந்துட்டேன். படம் முடிஞ்சுதா?"

அரங்கம் சிரித்தது. விளக்குதான் வந்துவிட்டதே என்று பாதிப் பேர் காபி குடிக்கப் போனார்கள். திரும்பியவர்கள் ஒன்பது பேர்.

வீட்டுக்கு வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"மனுஷன் அப்படியே சாஞ்சு கிடக்கறார். நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"அவர் தூங்கினார்."

"அது விளக்கைப் போட்டப்புறம்தானே தெரியுது?"

பதில் இல்லாதபோது நான் பேசுவதில்லை. நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் சொன்னாள்: "உப்பு போதுமான்னு கேட்டாக்கூட தலையாட்டுறதுன்னு ஆகிப்போச்சு. இங்கயும் ஒரு மணி மாட்டிடறேன். ஒருதரம் அடிச்சா உப்பு, ரெண்டுதரம் அடிச்சா மிளகு. நீளமா அடிச்சா சோத்துல கல்லுன்னு எடுத்துக்கறேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த வாரம் உங்க பொத்தான் பக்கமே வரமாட்டேன், போதுமா?" என்றாள்.

அவள் சொன்னதை நான் நம்பினேன். ஆனாலும் அந்த வாரம் இடைவேளையைக் கூப்பிட்டு, பொத்தானை எனக்கு வலப்பக்கக் கைப்பிடிக்கு மாற்றச் சொன்னேன். "இத்தனை வருஷம் இங்கதானே இருந்துச்சு, சார்?" என்றார். கைவாட்டமாக இருக்கும் என்றேன். நான் இடதுகைக்காரன் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்தது பைகள். நிறைவுப் படத்துக்கு யாரும் பையோடு உள்ளே வரக்கூடாது, சீட்டுக் கொடுக்கும் அறையில் மாட்டிவிட்டு வரவேண்டும் என்று அறிவிப்பு எழுதினேன். அந்தப் படத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதி. ஆவணக் காப்பகம் ஒரேயொரு காட்சிக்கு அனுமதி கொடுத்திருந்தது. திங்கட்கிழமை காலை பெட்டி திரும்பிப் போகவேண்டும். ஒன்பதில் ஒன்றாவது நிற்காமல் ஓடவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதைப் பேராசை என்று யாரும் சொல்லமுடியாது.

அவளுடைய மாத்திரைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வருட ஆரம்பத்தில் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாளல்லவா, அப்போது கொடுத்தவை. நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் உடனே வைக்கவேண்டும். அட்டையிலிருந்து பிதுக்கும்போது அரங்கத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது என்று ஒருமுறை சொன்னேன். மறுநாளே சின்னப் புட்டிக்கு மாற்றினாள். அது நடக்கும்போது கலகலத்தது. உள்ளே பஞ்சு வைத்தாள். அவள் அப்படிப்பட்டவள். இதை மலரில் அவசியம் போடுங்கள்.

நிறைவுப் படத்தன்று வாசலில் கேட்டாள்.

"என் பையுமா?"

"எல்லார் பையும்."

"அதுல மாத்திரை இருக்குங்க."

"நூறு நிமிஷம்தானே."

"நம்ம செகரட்டரி பல்லுப் பிடுங்கறப்பகூட இவ்வளவு கறாரா இருக்கமாட்டார்" என்று சிரித்துக்கொண்டே ஆணியில் மாட்டினாள். நீங்கள் அப்போது பக்கத்தில்தான் நின்றீர்கள், நீங்களும் சிரித்தீர்கள். புட்டியை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

படம் சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியது. முப்பத்தொரு பேர். முதல் மூன்று சுருளும் ஒரு இருமல்கூட இல்லாமல் போயின. பத்தொன்பது வருடத்தில் அப்படியொரு மௌனத்தை நான் கேட்டதில்லை. நான்காவது சுருளின் கடைசிப் பதினொரு நிமிடம் ஒரே ஷாட். வற்றிப்போன ஏரியை ஒரு பெண் குறுக்கே நடந்து கடக்கிறாள். அவ்வளவுதான். வெட்டே கிடையாது. இடையில் நிறுத்தினால் அதைப் பார்த்ததாகவே அர்த்தமில்லை.

மூன்றாவது நிமிடத்தில் என் மணிக்கட்டில் நீளமாக ஒரு அழுத்தம்.

உங்களிடமும், பிறகு வந்த மருத்துவரிடமும், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வேறொன்றும் தெரியாது என்று சொன்னேன். முதல் மூன்று எண்ணிக்கை வரை அது உண்மை. வழக்கமான கேலி என்றுதான் நினைத்தேன். அவள் கையை எடுக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணுவது என் வழக்கம். நாற்பதில் திரும்பிப் பார்த்தேன். ஏரி வெள்ளையாக இருந்ததால் அரங்கில் நல்ல வெளிச்சம். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இருட்டில் பேசுவது எனக்குப் பிடிக்காதென்று அவளுக்குத் தெரியும்.

அது கேலி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இதை மழுப்பாமல் எழுதவேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். என் வலதுகை பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தியிருந்தால் விளக்கு வந்திருக்கும். பல் டாக்டரானாலும் டாக்டர், நீங்கள் மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். பை முப்பது அடி தூரத்தில் தொங்கியது. வாத்தியாருக்காக அவள் ஓடிய தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இந்த ஷாட் முடியட்டும் என்று நினைத்தேன். எட்டு நிமிடம்.

அந்தப் பெண் கரையேறினாள். சுருள் மாற்றுவதற்கான புள்ளி திரையின் மூலையில் வந்து போயிற்று. இடைவேளை ஒரு கணமும் பிசகாமல் ஐந்தாவது சுருளுக்குத் தாவினார். அப்போது என் மணிக்கட்டில் அழுத்தம் இல்லை. அவள் கையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதற்குப் பிறகு அவசரப்பட ஒன்றுமில்லை. நான்கு நகத் தடங்கள் எட்டு நாள் இருந்தன. துக்கத்தில் நானே கீறிக்கொண்டேன் என்று நினைத்து நீங்கள் களிம்பு வாங்கித் தந்தீர்கள்.

மருத்துவர் ஆறு மணி பத்து என்று எழுதினார். தகட்டுக்கு நீங்கள் அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள். சரியான நேரம் ஐந்து மணி பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடையில். காவல் துறையிலும் இந்தத் திருத்தத்தைச் சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஒரு குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. படம் முடிந்து பெயர்கள் வரத் தொடங்கியதும் வழக்கம்போல எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கதவைத் திறக்க அவள் போகாததால் யாரோ தாங்களாகவே திறந்தார்கள். வராந்தா வெளிச்சம் பாதித் திரையில் விழுந்தது. கடைசிப் பெயர் போகும்வரை எழுந்திருக்கவேண்டாம் என்று நுழைவாசலில் பத்தொன்பது வருடமாக எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள்கூட எழுந்துவிட்டீர்கள், செயலாளர் அவர்களே. கதவு வேலை இருந்ததால் அவளும் ஒருநாளும் இருந்ததில்லை. நான் மட்டுமே தனியாக உட்கார்ந்து நாலு நிமிடம் பெயர்களைப் பார்ப்பேன்.

ஆகவே தகட்டின் இரண்டாவது வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடச் சொல்லுங்கள், இதில் பிழை இல்லை: அன்றுதான் முதன்முறையாக, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசிப் பெயர் வரை பார்த்தாள்.