கதவுக்கு மூணு அடி

– ஒதுங்கிப் போ அக்கா. இன்னும் நாலு கதவு பாக்கி இருக்கு. பொளந்து போட்டுட்டுப் பேசறேன்.

– மொதல்ல சுத்தியலைக் கீழ வை. கை பூரா ரத்தம் உனக்கு. காலையில பதினோரு கதவுச் சிற்பம் நின்னுச்சு இந்த ஸ்டூடியோவுல. வீடு இடிக்கற இடமெல்லாம் அலைஞ்சு பொறுக்கினது, ரெண்டு வருஷ உழைப்பு. இன்னிக்குக் காலேஜ் வைவாவுல என்னடா ஆச்சு? வரிசையா சொல்லு.

– நீ சொல்லு. என் ஆய்வேட்டுல என்ன எழுதி வெச்ச?

– சிற்பத்துக்குப் பாதி மார்க்கு, எழுத்துக்குப் பாதி மார்க்கு, எனக்கு எழுத வராது, நீ வக்கீல் ஆபீஸ்ல நாள் பூரா டைப் அடிக்கறவதானே, எழுதிக் குடுன்னு என் உயிரை வாங்கினது யாரு? நூத்தி நாப்பது பக்கம். அத்தனையும் இடது கையால தட்டினேன்.

– உன் வலது கைக்காகத்தானே நான் இத்தனையும் செஞ்சேன். அப்பா அதைக் கதவிடுக்குல வெச்சு நசுக்கினாரே, அதுக்காகத்தானே ஒவ்வொரு கதவையும் அடிச்சு உடைச்சு நிறுத்தினேன்.

– வைவாவுல என்ன கேட்டாங்க, அதைச் சொல்லு.

– வெளியூர்லேருந்து வந்த பேராசிரியர், 'எல்லாக் கதவுலயும் சரியா மூணு அடி விழுந்திருக்கே, ஏன் மூணு'ன்னாரு. கை கேட்டுச்சு, அடிச்சேன்னேன். சிரிச்சுக்கிட்டே அறுபத்தி மூணாம் பக்கத்தைத் திருப்பினாரு. 'உங்க அக்கா கையில கதவைச் சாத்தினது யாரு'ன்னாரு. எங்கப்பான்னேன். 'நீங்கதான் சாத்தினதா எழுதியிருக்கீங்களே'ன்னாரு. பத்துப் பேர் முன்னாடி. என் பேர் போட்ட புத்தகத்தை எனக்கே படிச்சுக் காட்டினாரு.

– நீ என்ன பண்ணின?

– மேஜையைப் புரட்டித் தள்ளினேன். என் கைடு, எதுக்கெடுத்தாலும் அடிக்குறிப்பு கேப்பாங்களே அந்த மேடம், அவங்க கால் மேல விழுந்துச்சு. படக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது.

– பாவி. உன்னை இவ்வளவு தூரம் கொண்டு வந்த டீச்சர் காலை உடைச்சுட்டா வந்து நிக்கற?

– பேச்சை மாத்தாதே. ஏன் பொய் எழுதின?

– பொய்யைத்தான் மொதல்ல எழுதினேன். அப்பா சாத்தினார்னு. மேடம் நாலு தடவை திருப்பி அனுப்பினாங்க. 'யாரு பார்த்தது, எந்தத் தேதி, என்ன ஆதாரம்'னு ஓரத்துல செவப்பு மையில எழுதி எழுதி. பொய்க்கு நான் எங்கேருந்துடா ஆதாரம் கொண்டு வர்றது? அஞ்சாவது தடவை, நடந்ததை எழுதிட்டேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுன்னு பத்து நாள் உன் மேஜையில வெச்சிருந்தேன். நீ அது மேல டீ டம்ளரை வெச்ச. கடைசி நாள், 'இது என் சொந்த ஆய்வு'ங்கற எடத்துல படிக்காமலே கையெழுத்துப் போட்ட.

– என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அம்மா சாகற வரைக்கும் சொன்னா. அப்பாவே ஒத்துக்கிட்டாரு.

– நீதான்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா உன் தோலை உரிச்சிருப்பா. அதனால, நான்தான் சாத்தினேன்னு அப்பா முந்திக்கிட்டாரு. என் வாயையும் பொத்திட்டாரு. உனக்கு அப்போ ஏழு வயசு, எனக்குப் பதினொண்ணு. நீ வரைஞ்ச படத்துக்குக் கீழ நான் 'மாடு'ன்னு எழுதிட்டேன். அது குதிரை. அதுக்குத்தான்.

– இல்ல. கிட்ட வராதே அக்கா, மண்டையைப் பொளந்துடுவேன்.

– பொள. சுத்தியலைத் தூக்கிட்டா எதிர்ல யாருன்னு நீ பார்க்க மாட்ட, எனக்குத் தெரியாதா? மூணு வருஷம் முன்னாடி அப்பாவையும் இப்படித்தானே அடிச்ச.

– அது உனக்காக. தாடை உடைஞ்சு வாசல்ல கெடந்தாரு, அதுக்கு மேலயும் மிதிச்சேன். மிதிக்க மிதிக்க மனசு ஆறுச்சு எனக்கு. அப்பவாவது நீ வாயைத் தெறந்திருக்கலாமே.

– தெறக்கத்தான் வந்தேன். கீழ கெடந்தபடியே என் காலைப் பிடிச்சுக்கிட்டு, வேண்டாம்னு தலையாட்டினாரு. அன்னிக்கு சும்மா நின்னதுக்கு என்னை நானே மன்னிக்கலடா. இன்னமும் அவரால மெல்ல முடியாது. வீட்டை விட்டுப் போயி ஒரு லாரி ஷெட்டுல ஒண்டிக்கிட்டு, எல்லாத்தையும் கரைச்சுத்தான் குடிக்கறாரு. தினமும் நான்தான் கொண்டு போறேன்.

– என்கிட்ட சொல்லவே இல்லையே நீ.

– சொன்னா அங்கயும் போயி அடிப்பியோன்னு பயம். சுத்தியலைக் குடு.

– எனக்கு அப்போ ஏழு வயசுதானே அக்கா. ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கோவத்துல படார்னு சாத்தியிருப்பேன், உன் கை அங்க இருந்தது கண்ணுல பட்டிருக்காது. தெரியாமத்தானே சாத்தினேன்? அப்படின்னு சொல்லேன்.

– பின்னிணைப்புல என்னோட எக்ஸ்ரே வெச்சிருக்கேன், பாரு. எலும்பு மூணு எடத்துல உடைஞ்சிருக்கு. ஏன் மூணுன்னு அந்தப் பேராசிரியர் கேட்டாரில்ல? நான் கத்தக் கத்த, தெறந்து தெறந்து மூணு தடவை சாத்தினடா.